உங்கள் சபையின் அபிவிருத்தித் திட்டம்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மே 6 இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து சபைகள் மீண்டும் கூடத் தொடங்கிய பின், திட்டங்களைப் பற்றிய பேச்சும் திரும்ப வந்திருக்கிறது. சனசமூக நிலையத்திலும் சந்தையிலும் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். சட்டம் சொல்வது எது, எங்கள் கருத்து எது என்பது வாசிக்கும்போதே தெரியும்.

உள்ளூர் அபிவிருத்தித் திட்டம் என்றால் சரியாக என்ன?

சபை எல்லைக்குள் எங்கே வீடு, எங்கே கடை, எங்கே தோட்டம், எந்த வாய்க்காலை யாரும் மூடக்கூடாது, வரும் ஆண்டுகளில் சபையின் காசு எந்த வேலைக்குப் போகும் என்பதை முன்கூட்டியே எழுதி, வரைபடத்தோடு எல்லோருக்கும் காட்டும் ஆவணம். அப்படித்தான் இருக்க வேண்டும். நடைமுறையில் நம்மிடம் இருப்பது இரண்டு திட்டங்கள். அவை ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

முதலாவது, நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டம். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு பகுதியை நகர அபிவிருத்திப் பகுதி என்று அமைச்சர் வர்த்தமானியில் பிரகடனப்படுத்தலாம். அப்படிப் பிரகடனமான இடத்துக்குத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்பது 1982 இல் வந்த திருத்தம். எந்தக் காணியை எதற்குப் பயன்படுத்தலாம், எவ்வளவு உயரம் கட்டலாம், வீதியிலிருந்து எவ்வளவு தள்ள வேண்டும் என்பதெல்லாம் இதில்தான். சட்ட வலு உண்டு. வேலை செய்யக் காசு இதனோடு வருவதில்லை.

இரண்டாவது, சபை தானே தயாரிக்கும் பங்கேற்பு அபிவிருத்தித் திட்டம். வட்டாரம் வட்டாரமாகக் கூட்டம் வைத்து ஒழுங்கை, மதகு, தெருவிளக்கு, சந்தை, மயானம், முன்பள்ளி என்று சேர்க்கும் பட்டியல். இதற்குக் கொஞ்சமாவது காசு வரும். ஆனால் இது பெரும்பாலும் அட்டவணை, வரைபடம் இருக்காது.

இவை போதாதென்று பிரதேச செயலகத்திடமும் ஒரு பட்டியல் இருக்கும். யாழ் மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 15, உள்ளூராட்சி சபைகள் 17: ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள். எண்ணிக்கையே ஒத்துப்போகவில்லை என்றால் பட்டியல்கள் எப்படி ஒத்துப்போகும்?

அதனால் என்ன கெட்டுப்போனது? வேலை நடந்தால் சரிதானே?

வேலை நடக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த வேலை, எங்கே, எந்த உயரத்தில் என்பதில்தான் பிசகுகிறது. ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் அது "ஒழுங்கை திருத்தம்" என்று ஒரு வரி. காசு வந்ததும் பழைய வீதிக்கு மேலேயே காப்பெற்றோ கொங்கிறீற்றோ போடப்படுகிறது. வீதி உயர்ந்துவிட, இரு பக்கத்து வளவுகளும் பள்ளமாகிவிடுகின்றன. கார்த்திகை மழைக்கு வீதி காய்ந்து கிடக்க, வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது. அப்புறம் அந்த வீட்டுக்காரர்களும் மண் போட்டு வளவை உயர்த்துகிறார்கள். தண்ணீர் அடுத்த வளவுக்குப் போகிறது. குடாநாட்டில் இதைப் பார்க்காதவர் யார்?

தண்ணீர் ஓடும் திசையைக் காட்டும் ஒரு வரைபடம் அந்தப் பட்டியலோடு இருந்திருந்தால், ஒழுங்கைக்கு முதல் வாய்க்கால் என்று வரிசை மாறியிருக்கும். சட்ட வலுவுள்ள திட்டத்தில் வாய்க்கால் கோடாக இருக்கலாம். காசு உள்ள பட்டியலில் அது இல்லை.

அப்படியானால் சீர்திருத்தம் என்று எதைக் கேட்கிறீர்கள்?

ஒரே விஷயம்தான்: இரண்டு திட்டங்களையும் ஒரே வரைபடத்தின் மேல் கொண்டு வாருங்கள்; அந்த வரைபடத்தை ஆண்டுதோறும் பாதீட்டோடு சேர்த்துத் திருத்துங்கள். பாதீட்டில் வரும் ஒவ்வொரு வேலைக்கும் வரைபடத்தில் ஓர் இலக்கம் இருக்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத வேலைக்குக் காசு ஒதுக்கினால் ஏன் என்று சபையில் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அவசர வேலைகள் வரும், அது வேறு. காரணம் எழுத வேண்டும் என்ற ஒரு கட்டாயமே பாதி வேலையைச் செய்துவிடும்.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் பங்கேற்புத் திட்டத்தையும் பாதீட்டையும் இப்படித் தயாரிக்கத் தொடங்கலாம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டத்தைத் திருத்துவதற்குத்தான் கொழும்பு வரை போக வேண்டும்.

வரைபடத்தை எங்கிருந்து தொடங்குவது? வீதியிலிருந்தா?

இல்லை, கிணற்றிலிருந்து. இந்தப் பக்கத்தில் நாங்கள் மிக அழுத்திச் சொல்வது இதைத்தான்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் குடிக்கிறோம், அதையே தோட்டத்துக்கும் இறைக்கிறோம். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று தனித்தனி நிலத்தடி நீர்ப் படுகைகள். சுண்ணக்கல்லில் பிளவும் பொந்தும் இருப்பதால் அழுக்கு மண்ணில் வடிகட்டுப்படாமலே தூரம் போகும். தோட்டத்து உரமும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து கிணற்று நீரில் நைத்திரேற்றைக் கூட்டுவதைப் பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். சுன்னாகத்துச் சுற்றாடலில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது காணிக் கணக்குக்கு வருவோம். ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச். சதுர அடியில் 2,722 சொச்சம். சதுரமான காணி என்று வைத்தால் ஒரு பக்கம் 52 அடி. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி விட வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு மூலையில் கிணறு, எதிர் மூலையில் குழி என்று வைத்தால் உங்கள் காணிக்குள் கணக்குச் சரி. ஆனால் உங்கள் குழி இருக்கும் மூலையில் மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டுக் கிணறு இருக்கலாம். கட்டிட விண்ணப்பத்தைப் பார்க்கும் உத்தியோகத்தர் முன் இருப்பது ஒரு காணியின் வரைபடம்தான். நாலு காணியையும் ஒன்றாகப் பார்ப்பதற்குத்தான் திட்டம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது.

நகர அபிவிருத்திப் பகுதிகளில் பொதுவாக அனுமதிக்கப்படும் ஆகச் சிறிய துண்டு 150 சதுர மீட்டர், ஏறத்தாழ 6 பேர்ச். கழிவுநீர்க் குழாய் ஓடும் கொழும்பு நகருக்கு அது பொருந்தலாம். ஒவ்வொரு வளவிலும் கிணறும் குழியும் உள்ள நல்லூரிலோ கோப்பாயிலோ அதே அளவை அப்படியே வைத்திருப்பது தவறு. உள்ளூர்த் திட்டம் ஒன்று இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை, எந்த இடத்தில் காணியை எவ்வளவுக்குக் கீழ் பிரிக்கக்கூடாது என்று நிலத்தடி நீரைப் பார்த்துச் சொல்வது. இது பிடிக்காதவர்கள் இருப்பார்கள். சீதனத்துக்குக் காணி பிரிக்கும் ஊரில் இந்தப் பேச்சு எடுப்பது சுலபமில்லை. இருந்தாலும் எடுக்கத்தான் வேண்டும்.

குழாய் நீர் வந்துவிட்டதே, இனிக் கிணற்றைப் பற்றி ஏன் கவலை?

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் வீட்டுக்குள் வரும் தண்ணீர் எங்கேயோ வெளியே போக வேண்டும். யாழ் நகருக்கு முழுமையான கழிவுநீர்க் குழாய்த் தொகுதி கிடையாது. தண்ணீர் தாராளமாக வந்தால் அறைகள் கூடும், வாடகை வீடுகள் கூடும், விடுதிகள் கூடும், எல்லாக் கழிவும் அதே சுண்ணக்கல்லுக்குள் இறங்கும். தோட்டக்காரர் இறைப்பது அப்போதும் கிணற்று நீரைத்தான். குழாய் போகும் வீதிகளில் எவ்வளவு அடர்த்தியாகக் கட்டலாம் என்பதைத் திட்டம் முதலே சொல்லாவிட்டால், குழாய் போட்டவர்கள் ஒரு பக்கம், அனுமதி கொடுத்தவர்கள் ஒரு பக்கம் என்று கைகாட்டிக்கொண்டு இருப்பார்கள்.

குளங்களும் வயலும் சபையின் பொறுப்பா?

பாதி. வயல் நிலத்தை நிரப்புவதற்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும்; அது சபையின் கையில் இல்லை. கடற்கரையை ஒட்டிய பகுதிக்குக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆனால் நகருக்குள் இருக்கும் சிறு குளங்கள், கேணிகள், வெள்ளவாய்க்கால்களைப் பராமரிப்பதும் அவற்றை அடைத்துக் கட்டுவோரைத் தடுப்பதும் பெரும்பாலும் சபையின் வேலை. ஆரியகுளம் திருத்தப்பட்டதும் மாலையில் அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தால் மக்களுக்கு இது வேண்டியிருக்கிறது என்று தெரிகிறது. எங்கள் ஆதங்கம், குளத்தை அழகாக்கும் அளவுக்கு அதற்கு வரும் வாய்க்காலையும் அது வழிந்தோடும் வழியையும் யாரும் கவனிப்பதில்லை என்பதுதான். 2008 இல் நிஷா புயலிலும் 2024 நவம்பரிலும் வெள்ளம் நின்ற இடங்களை அந்தந்த ஊர்க்காரரிடம் கேட்டு வரைபடத்தில் குறிப்பதற்கு நிபுணர் தேவையில்லை. கிராம அலுவலரும் வட்டார உறுப்பினரும் நாலு முதியவர்களும் போதும்.

திட்டத்தை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?

எங்கள் கருத்து: வேலைப் பட்டியலை ஆண்டுதோறும், பாதீட்டுக்கு முன். வரைபடத்தை முழுவதுமாக ஒவ்வொரு சபைக் காலத்திலும் ஒருமுறை. சபையின் காலம் நாலு ஆண்டு. புதிய சபை முதல் ஆண்டிலேயே பழைய வரைபடத்தைச் சரிபார்த்து முடிக்க வேண்டும். கடைசி ஆண்டில் தொடங்கினால் அது தேர்தல் துண்டுப்பிரசுரமாகத்தான் முடியும்.

மற்ற நாடுகளிலும் இதே வருத்தம் உண்டு. இங்கிலாந்தில் ஒரு சபை உள்ளூர்த் திட்டம் தயாரித்து முடிக்கப் பல ஆண்டுகள் இழுபட்டதால், 2023 இல் வந்த சட்டத்தையொட்டி 30 மாதங்களுக்குள் முடிக்கும் முறை ஒன்றை அரசு முன்வைத்தது. இடையிடையே நின்று சரிபார்க்கும் கட்டங்களும் அதில் உண்டு. அங்கே முழுநேரத் திட்டமிடல் அலுவலர்கள் இருக்கிறார்கள். இங்கே ஒரு பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வீதி மதிப்பீடு, கட்டிட விண்ணப்பம், முறைப்பாடு எல்லாவற்றையும் தானே பார்க்கிறார். அதனால் மாதக் கணக்கை அப்படியே கொண்டுவர முடியாது. முடிக்கும் திகதியை முதலே அறிவித்துவிட்டுத் தொடங்கும் பழக்கத்தைக் கொண்டுவரலாம்.

எங்கள் கருத்தைச் சொல்ல எப்போது வாய்ப்பு?

நகர அபிவிருத்தி அதிகார சபையின் வரைவுத் திட்டம் என்றால், அறிவித்தல் வெளியாகி 60 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும். எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். அறுபது நாள் நிறைய என்று தோன்றும். அறிவித்தலைப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால்தான் சங்கடம்.

காட்சிப்படுத்தும் இடம் அலுவலகச் சுவராக இருக்கக்கூடாது. சனசமூக நிலையம், சந்தை, கோவில் வீதி, தேவாலய மண்டபம், பள்ளிவாசல் என்று ஆட்கள் தானாக வரும் இடங்களில் வட்டார வரைபடத்தைப் பெரிதாக ஒட்ட வேண்டும். கூட்டம் பகல் பத்து மணிக்கு வைத்தால் ஓய்வூதியர்கள்தான் வருவார்கள். தோட்டக்காரரும் கடலுக்குப் போய் வந்தவரும் வேலைக்குப் போகும் பெண்களும் வரக்கூடிய நேரத்தில் வைக்க வேண்டும். பிரதேச சபைகள் சட்டம் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்க்க இடம் தருகிறது. அந்த வசதியைச் சபைகள் சரியாகப் பயன்படுத்தினால் ஆட்சேபம் எழுதும் தேவையே குறையும்.

இன்னொன்று. கருத்துக் கொடுத்தவருக்கு எழுத்தில் பதில் வர வேண்டும்: ஏற்றோம், ஏற்கவில்லை, காரணம் இது. இரண்டு வரி போதும். பதில் வராத இடத்தில் அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள்.

காணிக்காரர் கனடாவில். அவருக்கு யார் சொல்வது?

இது எங்கள் ஊருக்கே உரிய தலையிடி. ஓர் ஒழுங்கையில் பாதி வளவுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ, அவர் சார்பில் காணியைப் பார்க்க அற்றோனி (அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவர் கொழும்பில். வரைவைக் காட்ட நல்ல காலம் நல்லூர்த் திருவிழா. அந்த 25 நாளும் ஊரில் இருப்பவர்களும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். ஆதனவரிப் பதிவேட்டில் உரிமையாளரின் மின்னஞ்சலும் தொலைபேசியும் சேர்த்தால் மிச்ச வேலையும் முடிந்துவிடும். பலர் வரியை உறவினர் மூலம் கட்டுகிறார்கள்; பற்றுச்சீட்டுக் கொடுக்கும்போதே கேட்டு எழுதலாம்.

என் மதில் வீதிக்கோட்டுக்குள் வருகிறதாம். உடைத்துவிடுவார்களா?

வீதிக்கோடு என்பது வீதியை அகலப்படுத்துவதற்காக வரைபடத்தில் குறிக்கும் எல்லை. அந்தக் கோடு விழுந்த அன்றே யாரும் உடைக்க வர மாட்டார்கள். கோட்டுக்குள் புதிதாக நிரந்தரக் கட்டிடம் கட்ட அனுமதி கிடைக்காது என்பதுதான் முதல் விளைவு. காணியை அரசு எடுப்பதென்றால் 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டப்படி அறிவித்தல், ஆட்சேபம், இழப்பீடு என்ற வழி இருக்கிறது. ஆனால் அனுமதியில்லாமல் கட்டியது என்றால் கதை வேறு. நீதவான் நீதிமன்றம் வரை போகலாம். காணி வாங்கு முன் சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுங்கள். உறுதி எழுதிய பிறகு எடுத்துப் பயனில்லை.

பக்கத்துச் சபையோடு பிரச்சினை என்றால்?

வழுக்கையாறு வலிகாமத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சபைகளின் எல்லைகளைத் தாண்டித்தான் கடல்நீரேரிக்குப் போகிறது. மேலே ஒரு சபை வாய்க்காலை அகலப்படுத்தினால் கீழே உள்ள சபைக்கு வெள்ளம் வேகமாக வந்து சேரும். மாநகரத்துக் குப்பை போகும் கல்லுண்டாய் மாநகர எல்லைக்குள் இல்லை; தகராறு வரும்போதுதான் எல்லோருக்கும் அது ஞாபகம் வருகிறது. நீரும் குப்பையும் சபை எல்லையைப் பார்ப்பதில்லை என்பதால், இந்த இரண்டுக்கும் மட்டுமாவது பக்கத்துச் சபைகள் சேர்ந்து ஒரே வரைபடம் போட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்யட்டும்.

வலிகாமம் வடக்கில் இன்னும் காணி விடுபடவில்லையே. திட்டம் போட்டு என்ன பயன்?

1990 இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் 2009 க்குப் பின் துண்டு துண்டாக விடப்பட்டன. முழுவதும் இன்னும் வரவில்லை. அந்த இடங்களை வரைபடத்தில் வெற்றாக விடக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பழைய ஒழுங்கைகள், கிணறுகள், கோவில்கள், பள்ளிக்கூடங்களை நில அளவைப் பழைய படங்களைக் கொண்டும் ஊரவர்களின் நினைவைக் கொண்டும் குறித்து வைக்க வேண்டும். வெற்றாக விட்ட இடத்தை நாளைக்கு யாரோ அரச காணி என்று எடுத்துக்கொள்வார்கள்.

பணம் எங்கிருந்து வரும்?

ஆதனவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை. இவை சபையின் சொந்தப் பணம். காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் சபைகளுக்கு உரியவை, ஆனால் மாகாண நிர்வாகம் வழியாக வர வேண்டும். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. ஆக, இந்தப் பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிவான மாகாண உறுப்பினர் எவரும் இல்லை.

மற்றது, வெளி உதவி. உலக வங்கி உதவியோடு உள்ளூராட்சி சபைகளுக்காக நடந்த நெல்சிப் திட்டத்தின் பெயர்ப்பலகை பல சந்தைகளில் இன்னும் இருக்கிறது. உதவி தருபவர் வரும்போது கையில் முடிந்த திட்டம் இருந்தால் நாம் கேட்டதைக் கட்டுவார்கள். இல்லாவிட்டால் அவர்கள் கொண்டுவந்ததைக் கட்டுவார்கள்.

கேரளம் 1996 இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதத்தை உள்ளூர் அமைப்புகளுக்கு ஒதுக்குவதாக முதலே அறிவித்தது. காசு உறுதி என்று தெரிந்ததால்தான் ஊர்க்கூட்டங்களுக்கு ஆட்கள் வந்தார்கள். இங்கே கூட்டத்தை முதலில் வைத்துவிட்டுக் காசைப் பிறகு தேடுகிறோம்.

கட்டிட அனுமதி தாமதமானால் சபையைத்தான் திட்ட வேண்டுமா?

விண்ணப்பம் சபையில் கொடுக்கிறீர்கள், ஆனால் நகர அபிவிருத்திப் பகுதியில் சபை பயன்படுத்துவது அதிகார சபை ஒப்படைத்த அதிகாரத்தை. விதிகளும் அங்கிருந்து வருபவை. விதி பொருந்தவில்லை என்றால் தவிசாளரோடு சண்டை பிடிப்பதால் மாறாது. அடுத்த வரைவு வெளியாகும்போது எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

எங்கள் சபையின் திட்டத்தை ஒருவரும் காட்டுகிறார்கள் இல்லை. என்ன செய்யலாம்?

முதலில் நேரே போய்க் கேளுங்கள். சில இடங்களில் அலுமாரியில்தான் இருக்கும். சரிவரவில்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். "அபிவிருத்தி பற்றிய தகவல்" என்று பொதுவாக எழுதாதீர்கள். தற்போதைய திட்டத்தின் பிரதி, அது சபையில் ஏற்கப்பட்ட திகதி, உங்கள் வட்டாரத்துக்கு இவ்வாண்டுப் பாதீட்டில் ஒதுக்கிய வேலைகளின் பட்டியல், நகர அபிவிருத்திப் பகுதி எல்லையைக் காட்டும் வர்த்தமானியின் இலக்கம் என்று நாலையும் தனித்தனியாகக் கேளுங்கள். பிரதி கைக்கு வந்ததும் ஒரு படியைச் சனசமூக நிலையத்தில் வைத்துவிடுங்கள், அடுத்தவர் திரும்ப விண்ணப்பிக்க வேண்டியிருக்காது.